தங்கச்சிமடம் டீச்சரோட இங்கிலீஷ் கிராமர் கிளாஸ்: மீன்பிடித் தடைக்காலம் முழுக்க போயிட்டு வந்து எழுதுறேன்

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன், அப்பதான் நான் சொல்றத எந்த அளவுக்கு எடுத்துக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். பாம்பன்காரன், 2013லேர்ந்து விசைப்படகுல கடலுக்குப் போறேன், பிளஸ் டூ முடிச்சிருக்கேன், இங்கிலீஷ்ல 200க்கு 74 மார்க், அதுவும் மனப்பாடம் பண்ணிட்டுப் போன ரெண்டு கட்டுரை அப்படியே வந்ததால கெடச்சது. எழுத்துக்கூட்டி எல்லாத்தையும் படிச்சிருவேன், ஆனா சொந்தமா ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னா கை நின்னுடும். இந்த நெலமையில இருக்குறவங்க நம்ம பக்கம் நெறைய பேரு, அவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எனக்கு ஏன் கிராமர் தேவைப்பட்டுச்சுன்னா, போன பிப்ரவரியில வளைகுடா பக்கம் மீன்பிடி வேலைக்கு ஒரு இன்டர்வியூ, போன்ல வீடியோ கால்ல. அந்தப் பக்கம் இருந்தவரு கேட்ட முதல் கேள்வி "ஹவ் லாங் ஹேவ் யு பீன் ஃபிஷிங்?" எவ்வளவு வருசமா தொழில் பாக்குறன்னு கேக்குறாருன்னு எனக்கு நல்லாவே புரிஞ்சுச்சு. நான் சொன்ன பதிலு "டுவெல்வ் இயர்ஸ் பிஃபோர் ஐ ஃபிஷிங் சார்." அவரு கொஞ்சம் யோசிச்சுட்டு "சோ யு ஆர் நாட் ஃபிஷிங் நவ்?"னு கேட்டாரு, ஃபிஷிங்ங்கற வார்த்த மட்டும் காதுல விழுந்துச்சு, நானும் "எஸ் சார்"னுட்டேன். அவ்வளவுதான், தேங்க்யூ சொல்லி வச்சுட்டாரு. பன்னெண்டு வருசமா கடலே கதின்னு கெடக்குறவன், பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி மீன் பிடிச்சேன் இப்ப இல்லன்னு என் வாயாலயே சொல்லிருக்கேன். இது எனக்கு அப்ப தெரியாது, கிளாஸுக்குப் போயி நாப்பதாவது நாளோ என்னமோ, அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, அத அப்புறம் சொல்றேன்.

இதுக்கு முன்னாடி ராமநாதபுரம் டவுன்ல ஒரு எடத்துல 6000 ரூவா கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் போனேன், பேரு வேணாம். முப்பது நாள்ல பேசலாம்னு போட்டிருந்தாங்க. பேங்க்ல பேசுறது, ஓட்டல்ல பேசுறதுன்னு எழுதிக் குடுத்த உரையாடல மனப்பாடம் பண்ணி ரெண்டு ரெண்டு பேரா நின்னு ஒப்பிக்கணும். எதுத்தாப்ல நிக்கிறவன் தாள்ல இல்லாத ஒரு கேள்வி கேட்டான்னா முடிஞ்சுச்சு. ஏன் இந்த வார்த்த இங்க வருதுன்னு கேட்டா "அதெல்லாம் பேசப் பேச வந்துரும்"னாங்க. எனக்கு வரல. சிலருக்கு அப்படியும் வரலாம், நான் இல்லன்னு சொல்லல.

இந்தக் கிளாஸ் எனக்குத் தெரிஞ்சது எங்க சம்மாட்டி, அதாவது படகு ஓனர், வீட்டு அக்கா மூலமா. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீனு குஞ்சு பொரிக்கிற காலம்னு விசைப்படகு எதுவும் போகக் கூடாது. முன்னாடி 45 நாளா இருந்துச்சு, 2017லதான் 61 ஆக்குனாங்க. படகக் கரையேத்தி பெயிண்ட் அடிப்போம், வல பொத்துவோம், மிச்ச நேரம் பூரா டீக்கடைதான். டீச்சர் இந்த 61 நாளையும் கணக்குப் பண்ணி கடல்தொழில் ஆளுங்களுக்குன்னே ஒரு பேட்ச் வைக்கிறாங்கன்னு அக்கா சொன்னாங்க. டீச்சர் கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து ரிடையர் ஆனவங்க. பேரும் நம்பரும் நெட்டுல போட வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால போடல.

வீட்டு மாடியில தகரக் கொட்டகை, ரெண்டு ஃபேன், கீழ பாயி. நாங்க மொத்தம் 23 பேரு, என்ன மாதிரி படகு ஆளுங்க பதினோரு பேரு, நண்டு கம்பெனியில வேல பாக்குற அக்காங்க, கடல்பாசி எடுக்கப் போற ஒரு அக்கா, லாட்ஜ்ல ரிசப்ஷன்ல இருக்குற ஒரு தம்பி, காலேஜ் பிள்ளைங்க நாலஞ்சு.

மொத நாள் பாடத்த மட்டும் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா அன்னைக்கே எனக்கு இது வேற மாதிரி கிளாஸ்னு தோணிருச்சு. டீச்சர் மூணு அட்டைய எடுத்துப் பாயில வச்சாங்க. நண்டு, மீனை, தின்னுது. படிக்கச் சொன்னாங்க. நண்டு மீனை தின்னுது. அப்புறம் முதல் ரெண்டு அட்டைய மாத்தி வச்சாங்க. மீனை நண்டு தின்னுது. "யாரு யாரத் தின்னுச்சு?" நண்டுதான் மீனத் தின்னுச்சு, மாறல. அடுத்து இங்கிலீஷ் அட்ட மூணு, "த க்ராப்", "ஈட்ஸ்", "த ஃபிஷ்". இப்ப மொத அட்டையையும் கடைசி அட்டையையும் மாத்துனாங்க. "த ஃபிஷ் ஈட்ஸ் த க்ராப்." மீனு நண்டத் தின்னுருச்சு. நண்டு கம்பெனி அக்கா ஒருத்தவங்க "அதுவும் நடக்குறதுதானே டீச்சர், களவா மீனு நண்டத் திங்கத்தான செய்யும்"னாங்க. டீச்சருக்கு அப்படி ஒரு சந்தோசம். "அதத்தான் நான் கேட்டேன், ரெண்டுமே நடக்கும், அப்ப எது நடந்துச்சுன்னு எத வச்சுச் சொல்லுவ?"

தமிழ்ல மீனோட ஒட்டிக்கிட்டு இருக்குற அந்த ஐ சொல்லிரும், அது எங்க போனாலும் மீனோடயே போகும், அதனால மீன முன்னாடி வைக்கலாம் பின்னாடி வைக்கலாம். இங்கிலீஷ்ல மீனுக்கு ஒட்டுறதுக்கு எதுவும் இல்ல, வினைச்சொல்லுக்கு முன்னாடி நின்னா செஞ்சவன், பின்னாடி நின்னா மாட்டுனவன். எடந்தான் அங்க வேற்றுமை உருபு. ஐ ஆல் கு இன் அது கண்ணுன்னு ஆறாப்புல பாட்டு மாதிரி சொல்லிட்டுத் திரிஞ்சோமே, அது எதுக்குன்னு எனக்கு முப்பது வயசுல இங்கிலீஷ் கிளாஸ்லதான் புரிஞ்சுச்சு. இங்கிலீஷுக்கும் ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இந்த மாதிரி ஒட்டெல்லாம் இருந்து பின்னால உதுந்து போச்சாம், இப்ப ஐ - மி, ஹி - ஹிம், தே - தெம் மாதிரி சிலதுலதான் மிச்சம் இருக்கு.

இதுதான் இந்தக் கிளாஸோட விசேசம். மத்த எடத்துல தமிழ்ல யோசிக்காத, இங்கிலீஷ்லயே யோசின்னு சொல்லுவாங்க, தெரியாத பாஷையில எப்படி யோசிக்கிறது. டீச்சர் ஒவ்வொரு பாடத்தையும் நம்ம வாயில தானா வர்ற தமிழ் வாக்கியத்துல தொடங்கி, அதக் கழட்டி, இந்தத் துண்டு இங்கிலீஷ்ல எங்க போயி உக்காருதுன்னு காட்டுறாங்க. நமக்கு ஏற்கனவே ஒரு இலக்கணம் முழுசாத் தெரியும், அத வச்சு இன்னொன்னப் படிக்கலாம்ங்கற தைரியம் வந்துருது. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு மொதல்ல வேண்டியது அந்தத் தைரியந்தான்.

வினைச்சொல்லுக்கு ஒரு வாரம். "போறேன்"னு ஒத்த வார்த்த சொன்னா தமிழ்ல முழு வாக்கியம், அந்தக் கடைசி ஏன்லயே நான் இருக்கேன். இங்கிலீஷ்ல "கோ"ன்னு மட்டும் சொன்னா எதுத்தாப்ல இருக்குறவனப் போடான்னு சொல்றதா ஆயிரும். அதனால ஐ, யு, ஹி எதையாவது ஒன்ன முன்னாடி வச்சே ஆகணும். செய்றவனே இல்லாத வாக்கியத்துக்குக்கூட ஒரு ஆள நிறுத்தணும், மழ பெய்யுதுன்னா "இட் இஸ் ரெய்னிங்", மணி அஞ்சுன்னா "இட் இஸ் ஃபைவ்", அந்த இட்டுக்கு அர்த்தம் எதுவும் கெடையாது, எடத்த நெரப்பத்தான் நிக்குது. அதே மாதிரி "இது என் வல" இதுல வினைச்சொல்லே இல்ல, நமக்குப் போதும், அங்க பத்தாது, "திஸ் இஸ் மை நெட்"னு ஒரு இஸ் வரணும். நான் இத்தன நாளும் "திஸ் மை நெட்", "மை நேட்டிவ் பாம்பன்"னு இஸ்ஸு இல்லாமயே பேசிட்டு இருந்துருக்கேன்.

ஹி கோஸ், ஷி கோஸ்னு வர்ற அந்த எஸ்ஸ விட்டுட்டே இருந்தோம் எல்லாரும். டீச்சர் திட்டல. போர்டுல வரிசையா எழுதுனாங்க, போறேன், போற, போறீங்க, போறோம், போறான், போறா, போறாங்க, போகுது. "எட்டு விகுதிய நீங்க மூணு வயசுல கத்துக்கிட்டீங்க, அவங்க உங்ககிட்ட கேக்குறது ஒரே ஒரு எஸ்ஸு, குடுத்துருங்கப்பா"ன்னாங்க. அன்னைக்கு அப்புறம் எனக்கு அந்த எஸ்ஸு மறக்கல.

எனக்கு ரொம்பப் புடிச்ச பாடம் டிட் நாட். "ஹி டிட் நாட் வென்ட்"னு சொல்றவங்கதான் கிளாஸ்ல முக்காவாசி. நடந்து முடிஞ்ச விசயம்தானே, அப்ப வென்ட்தானே வரணும்னு நாங்க. டீச்சர் கேட்டாங்க, "அவன் வந்தான், இத இல்லன்னு சொல்லு." அவன் வரல. "ஏன் வந்தான் இல்லன்னு சொல்லல?" யாருக்கும் பதில் தெரியல. நான் வரல, நீ வரல, அவ வரல, அவங்க வரல, பாருங்க எல்லாத்துக்கும் ஒரே வரலதான். வந்தேன் வந்தான்ல இருந்த காலமும் போச்சு, ஆளும் போச்சு, வெறும் "வர"ங்கறதுல "இல்ல" ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ்லயும் இதே கததான், காலத்த டிட் எடுத்துக்கிச்சு, அப்புறம் "கம்"முக்கு அந்த வேல இல்ல, வெறும் "கம்"னே நிக்குது. "ஹி டிட் நாட் கம்." கேள்விக்கும் அதேதான், "டிட் ஹி கம்?" தெனமும் நூறு தடவ வரல போகல தெரியலன்னு சொல்றோம், அதுக்குள்ள இப்படி ஒன்னு இருக்குறத நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்க அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்தேன்.

இப்ப அந்த இன்டர்வியூ விசயம். பன்னெண்டு வருசமா, பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் போட்டாங்க. முன்னாடின்னா "அகோ", அந்த வேல அங்கயே முடிஞ்சு போச்சு, "ஐ காட் எ டர்ட்டில் டுவெல்வ் இயர்ஸ் அகோ"ன்னா அன்னைக்கு ஒரு ஆம வலையில மாட்டுச்சு, அதோட சரி. வருசமான்னா இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு, அதுக்கு "ஐ ஹேவ் பீன் ஃபிஷிங் ஃபார் டுவெல்வ் இயர்ஸ்." எவ்வளவு காலம்னு சொன்னா ஃபார், எப்பலேர்ந்துன்னு சொன்னா சின்ஸ், "சின்ஸ் 2013." நம்ம வருசமாவுல இருக்குற அந்த ஆவும் 2013லேர்ந்துங்கறதுல இருக்குற அந்த லேர்ந்தும் பண்ற வேலையத்தான் ஃபாரும் சின்ஸும் பண்ணுதுன்னு அவங்க சொன்னப்ப எனக்கு பிப்ரவரி ஞாபகம் வந்துருச்சு. அந்த ஆளு மேல தப்பே இல்ல, நான் சொன்னதத்தான் அவரு கேட்டுக்கிட்டாரு. கிளாஸ் முடிஞ்சு டீச்சர்கிட்ட நடந்ததச் சொன்னேன். "தம்பி, உனக்கு தொழில் தெரியலன்னு அவரு நெனைக்கல, வாக்கியந்தான் உன்ன விட்டுருச்சு, அடுத்த தடவ விடாது"ன்னாங்க. உண்மையில எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

முன்னிடைச்சொல் பாடம் நம்ம ஊருக்குன்னே செஞ்சது மாதிரி இருந்துச்சு. நம்ம வலை-ல, படகு-மேலன்னு பின்னாடி ஒட்டுவோம், அவங்க "இன் த நெட்"னு முன்னாடி வைப்பாங்க, அதனாலதான் பேரே முன்னிடைச்சொல். சின்ன வள்ளம்னா "இன்", நின்னு நடக்குற அளவுக்குப் பெரிய படகு, கப்பல்னா "ஆன்". நாட்டுப்படகு அண்ணன் ஒருத்தரு நான் இன்னா ஆன்னான்னு கேட்டு அதுக்கே அர மணி நேரம் போச்சு.

பாஸிவ்க்கு பாம்பன் பாலத்த எடுத்தாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல்லதான் தொறந்து இருந்தாங்க, ஊரு பூரா அதே பேச்சு. "பழைய பாலத்த 1914ல தொறந்தாங்க"ன்னு சொல்றோமே, தொறந்தாங்கன்னா யாரு? அத நம்ம கண்டுக்குறதே இல்ல, ஆங்க போட்டுட்டுப் போயிருவோம். இங்கிலீஷ்ல அந்த மாதிரி யாருன்னு சொல்லாம விடுற எடத்துலதான் "த ஓல்ட் பிரிட்ஜ் வாஸ் ஓபன்ட் இன் 1914"னு வரும். திறக்கப்பட்டதுன்னு யாரும் வீட்டுல பேசுறதில்ல, அதனால பட்டது பட்டதுன்னு மொழிபெயர்த்துப் படிச்சா பாஸிவ் மண்டையில ஏறாதுன்னு சொன்னாங்க. அது சரிதான், ஸ்கூல்ல எனக்கு ஏறவே இல்ல.

கொறைன்னு பாத்தா இருக்கு. எ, ஆன், தன்னு வர்ற ஆர்ட்டிக்கிள் பாடம் எனக்கு இன்னும் நிக்கல. மொத தடவ சொல்றப்ப எ, திரும்பச் சொல்றப்ப த, சத்தத்தப் பாத்து "ஆன் அவர்", "எ யுனிவர்சிட்டி", அது வரைக்கும் சரி. நம்ம ரெண்டு கடலையே உதாரணமா சொன்னாங்க, தெக்க இருக்குறது "த கல்ஃப் ஆஃப் மன்னார்", வடக்க இருக்குறது த இல்லாம வெறும் "பாக் பே", ஆஃப் வர்ற பேருக்கு முன்னாடி த வரும்னு. இதெல்லாம் புரியுது, ஆனா சொந்தமா எழுதுறப்ப பத்துல நாலு எடத்துல தப்பா போடுறேன். தமிழ்ல இதுக்கு நேரா ஒன்னும் இல்லாததால டீச்சரோட வழியும் இங்க அவ்வளவா எடுபடல, ரெண்டே நாள்ல முடிச்சுட்டாங்க, ஒரு வாரம் குடுத்துருக்கணும். மீன் வாங்குனேன், மீன வாங்குனேன், இந்த ரெண்டுக்கும் நம்ம ஒரு வித்தியாசம் வச்சிருக்கோமே, ஏதோ மீனு ஒன்னு, நம்ம பேசிட்டு இருந்த அந்த மீனு ஒன்னு, அங்கேர்ந்து தொடங்கியிருந்தா எங்களுக்குப் புடிபட்டிருக்கும்னு எனக்குத் தோணுது. டீச்சர்கிட்டயும் இதச் சொன்னேன், குறிச்சு வச்சுக்கிட்டாங்க.

இன்னொன்னு, வாயத் தொறந்து பேசுற நேரம் கம்மி. ஒன்றரை மணி நேரத்துல ஒரு மணி நேரம் எழுத்துதான். கிராமர் கிளாஸ்னு சொல்லித்தான் சேத்துக்குறாங்க, ஏமாத்தல, இருந்தாலும் கடைசி பத்து நாளாவது பேச விட்டுருக்கலாம். உச்சரிப்பும் சொல்லித் தர்றதில்ல. 23 பேருல காலேஜ் பிள்ளைங்களுக்கு மொத ரெண்டு வாரம் போரடிச்சுச்சு, பாசி அக்காவுக்கு அதுவே வேகமா இருந்துச்சு, ரெண்டு பேட்ச்சா பிரிச்சா நல்லது. மே மாசம் அந்தத் தகரத்துக்குக் கீழ உக்கார முடியல, கரண்டு போனா ரொம்பக் கஷ்டம். ஜெராக்ஸ் நோட்ஸ் சில பக்கம் தெரியவே இல்ல, டீச்சர் கையெழுத்த நேர்ல பாத்து எழுதிக்கிட்டேன்.

பாசி அக்காவப் பத்தி ஒன்னு சொல்லியே ஆகணும். அஞ்சாப்போட நின்னவங்க, ஏபிசிடி மட்டுந்தான் தெரியும். மகளோட ஸ்கூல் டைரியில மிஸ் என்ன எழுதுறாங்கன்னு படிக்கணும், அதுக்குத்தான் வந்தேன்னாங்க. எங்க எல்லாரையும் விட மெதுவாத்தான் போனாங்க, ஆனா ஒரு நாளு விடல, விடியக்காலம் தண்ணியில எறங்கி வேல பாத்துட்டு சாயந்தரம் அந்தக் கையோட வந்து உக்காருவாங்க. ஜூன் மாசம் ஒரு நாள் டைரியக் கொண்டாந்து "ஷி டிட் நாட் பிரிங் ஹெர் நோட்புக்"னு வெரல வச்சுப் படிச்சு, நோட்டு கொண்டு வரலன்னு போட்டிருக்கு, இந்த பிரிங் அந்த வரல மாதிரிதானே டீச்சர்னு கேட்டாங்க. அதுக்கு மேல அந்தக் கிளாஸ் நல்லதா இல்லையான்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

போன மாசம் திரும்ப ஒரு வீடியோ கால் வந்துச்சு, வேற கம்பெனி. அதே கேள்விதான். "ஐ ஹேவ் பீன் ஃபிஷிங் சின்ஸ் 2013 சார்"னு சொன்னேன். அவரு ஓகேன்னுட்டு என்ன மாதிரி வல போடுவீங்கன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. பதினஞ்சு நிமிசம் பேசினோம், ரெண்டு எடத்துல தடுமாறுனேன், எ போட வேண்டிய எடத்துல எல்லாம் த போட்டேன்னு நெனைக்கிறேன், அவருக்கு அது பெருசாத் தெரியல. முடிவு இன்னும் வரல.

5க்கு 4 குடுக்குறேன், அந்த ஒன்னு எ, தவுக்காகவும் பேசுற நேரம் பத்தாததுக்கும்.

போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு: ரெண்டு மாசத்துக்கும் சேத்து 1200 ரூவா, ரெண்டு தவணையா குடுக்கலாம், தடைக்கால நிவாரணப் பணம் வந்ததும் தர்றேன்னாலும் ஒத்துக்குறாங்க. சாயந்தரம் ஆறுலேர்ந்து ஏழரை. பாம்பன்லேர்ந்து ராமேஸ்வரம் பஸ்ல ஏறி தங்கச்சிமடத்துல எறங்கிக்கணும், போர்டு கெடையாது, சர்ச் பக்கம் கிராமர் டீச்சர் வீடுன்னு கேட்டா சின்னப் பிள்ளகூட காட்டும். தடைக்காலம் முடிஞ்சு இப்ப நாங்க வாரத்துக்கு மூணு நாள் கடலுக்குப் போறதால படகு ஆளுங்களுக்கு ஞாயித்துக்கிழம மட்டும் வைக்கிறாங்க, காலையில பத்து மணிக்கு. 200 பக்க நோட்டு ஒன்னு, நீலப் பேனா ஒன்னு, செவப்புப் பேனா ஒன்னு எடுத்துட்டுப் போங்க, வினைச்சொல்ல செவப்புலதான் எழுதச் சொல்லுவாங்க.